பெகோட்டா சொன்ன 72

2015ஆம் ஆண்டு பேஸ்பால் சீசன் தொடங்கும் முன், 'பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸ்' என்ற அமெரிக்க ஆய்வுக் குழு வழக்கம்போல எல்லா அணிகளுக்கும் ஒரு கணிப்பு வெளியிட்டது. ஒவ்வொரு அணியும் ஆடப்போகும் 162 ஆட்டங்களில் எத்தனை ஜெயிக்கும் என்கிற கணிப்பு. அதைப் போட்டுத் தருகிற கணினி முறையின் பெயர் பெகோட்டா. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கு அது கொடுத்த எண் 72. அதாவது 90 தோல்வி. முந்தைய வருஷம் வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஆட்டம் வரைக்கும் போய், ஒரே ஒரு ஓட்டத்தில் கோப்பையை விட்ட அணிக்கு இந்த எண்.

ராயல்ஸ் அந்த வருஷம் 95 ஆட்டங்களை வென்றது. கோப்பையையும் வென்றது.

இந்தக் கதையை 'மனசு ஜெயிச்சுது, கணக்கு தோத்துது' என்று சொல்லி முடிப்பது சுலபம். அமெரிக்காவில் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் பெகோட்டா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். போன பிறகு அந்த முடிவை அவ்வளவு சுலபமாக எழுத முடியவில்லை.

முறைப்படி பார்த்தால் அது ஒரு நீளமான தொழில்நுட்பப் பெயரின் முதலெழுத்துக்கள். ஆனால் எழுத்துக்கள் பெயருக்காகப் பின்னால் பொருத்தப்பட்டவை. பெயர் முதலில் வந்தது. பில் பெகோட்டா என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். 1980களின் பின்பாதியில் ஆடியவர், நட்சத்திரம் இல்லை. எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் நிற்பார், அவ்வளவுதான். வாழ்நாள் பேட்டிங் சராசரி 0.249. அவர் ஆடிய அணி எது தெரியுமா? கான்சாஸ் சிட்டி ராயல்ஸ்.

இந்த முறையை உருவாக்கியவர் நேட் சில்வர். பிற்பாடு அமெரிக்கத் தேர்தல் கணிப்புகளால் உலகமெங்கும் பெயர் பெற்றவர். சிகாகோவில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது பிடித்த வேலை அது இல்லை என்பதால் நேரம் கிடைத்தபோதெல்லாம் பேஸ்பால் கணக்கு போட்டார். 2003இல் பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸ் அதை வெளியிட்டது. சிறுவயதில் அவர் மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகர். பெரிய ஆட்டக்காரனிடம் தோற்றால் பரவாயில்லை. இந்தச் சாதாரண பெகோட்டா டெட்ராய்ட் என்றாலே வந்து அடித்துவிட்டுப் போவார் என்கிற எரிச்சல் அந்தப் பையனுக்கு. அந்த எரிச்சல்தான் பெயர் ஆனது. பெரியவரான பிறகு சில்வர் கணக்கையும் பார்த்து எழுதியிருக்கிறார்: மொத்தத்தில் 0.249 வைத்திருந்த பெகோட்டா, டெட்ராய்ட்டுக்கு எதிராக மட்டும் 0.303.

ஆக, கான்சாஸ் சிட்டிக்கு 72 என்று சொன்ன இயந்திரத்துக்கு ஒரு கான்சாஸ் சிட்டிக்காரரின் பெயர். அதை வைத்தவர் எதிரணி ரசிகர். 'உணர்ச்சியே இல்லாத கணக்கு' என்று திட்டு வாங்குகிற ஒன்றின் நெற்றியிலேயே ஒரு சிறுவனின் கோபம் ஒட்டியிருக்கிறது.

இது தற்செயலா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம்.

பேஸ்பாலில் எண்களைக் கொண்டு வந்து வைத்தவர்களில் முதல் பெயர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவனாக 1837இல் அமெரிக்கா போனவர். நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். 1850களில் பேஸ்பாலைப் பார்த்து அதில் விழுந்தார். கிரிக்கெட் ஸ்கோர்கார்டு நமக்குத் தெரியும். யார் எத்தனை எடுத்தார், யார் எப்படி அவுட் ஆனார் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடும். அந்த வழக்கத்தைத்தான் அவர் பேஸ்பாலுக்குக் கொண்டு போனார். ஆட்டத்தைப் பார்க்காதவன் மறுநாள் செய்தித்தாளில் அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். பேஸ்பால் ரசிகன் என்று ஒருவன் பெருவாரியாக உருவானதே இந்தக் கட்டங்களைப் படித்துப் படித்துத்தான். மைதானத்துக்குப் போக வசதியில்லாத ஒருவனுக்கும் அணியோடு உறவு உண்டானது எண் வழியாக.

அடுத்த பெரிய பெயர் பில் ஜேம்ஸ். இவர் கான்சாஸ் மாநிலத்துக்காரர், 1949இல் பிறந்தவர். லாரன்ஸ் என்ற ஊரில், பன்றிக்கறியும் பீன்ஸும் டின்னில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலாளியாக இருந்தார். ராத்திரி வேலை, கேள்வி கேட்க ஆள் இல்லை. பழைய ஸ்கோர் கட்டங்களை வைத்துக்கொண்டு கேள்விகளை எழுதி, தானே பதில் தேடுவார். 1977இல் சொந்தமாக அச்சிட்டு, ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்து, 'பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்' என்ற 68 பக்கத் தொகுப்பை விற்றார். விற்றது 75 பிரதி. விடாமல் வருஷா வருஷம் போட்டார்; 1982இல் பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. இன்று ஒவ்வொரு அணி அலுவலகத்திலும் ஒரு புள்ளியியல் பிரிவு இருக்கிறதே, அதன் வேர் அந்த 75 பிரதி.

ஜேம்ஸின் சூத்திரங்களில் ரொம்பப் பேர் பெற்றது 'பித்தாகரஸ்' சூத்திரம். ஓர் அணி சீசன் முழுக்க எடுத்த ஓட்டங்களின் வர்க்கம் ஒன்று, கொடுத்த ஓட்டங்களின் வர்க்கம் ஒன்று. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி எவ்வளவு வெற்றிக்குத் தகுதியானது என்று கிடைக்கும். 2015 ராயல்ஸுக்கு நானே போட்டுப் பார்த்தேன். எடுத்தது 724, கொடுத்தது 641. விடை 0.56, அதாவது 162இல் சுமார் 91. அவர்கள் ஜெயித்தது 95. நாலு வெற்றி அதிகம், அவ்வளவுதான். இந்த நாலை அதிர்ஷ்டக் கணக்கில் போடலாம். 72க்கும் 91க்கும் உள்ள 19ஐ அப்படிப் போட முடியாது. இதற்குப் பிறகு வருகிறேன்.

ஜேம்ஸ் பற்றிச் சொல்லவேண்டிய இன்னொன்று இருக்கிறது. இந்த மனிதர் தீவிரக் கான்சாஸ் சிட்டி ரசிகர். 1985இல் ராயல்ஸ் முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸ் வென்றதும், 1986 தொகுப்பில் கான்சாஸ் சிட்டி பேஸ்பால் ரசிகனாக இருப்பதன் வரலாற்றை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். எழுதுவதற்கு நிறைய இருந்தது. ராயல்ஸுக்கு முன்னால் அந்த ஊரில் அத்லெடிக்ஸ் என்ற அணி 1955 முதல் 1967 வரை ஆடியது. 13 சீசன், ஒன்றில்கூட வெற்றி தோல்வியை விட அதிகம் இல்லை. நல்ல ஆட்டக்காரன் வந்தால் நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்விடுவான். ரோஜர் மாரிஸ் அப்படித்தான் 1959 கடைசியில் போனார். 1961இல் யாங்கீஸ் சட்டையில் 61 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தார். கடைசியில் அணியே ஊரை விட்டு ஓக்லண்டுக்குப் போனது. 1969இல் ராயல்ஸ் புதிதாக வந்தது. ஜேம்ஸின் எண்கள் இந்த வருத்தத்துக்கு நடுவில் பிறந்தவை. தன் அணி ஏன் தோற்கிறது என்று நேர்மையாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவனின் எண்கள்.

சரி, இப்போது 2014க்கு வருவோம்.

1985க்குப் பிறகு ராயல்ஸ் 28 சீசன் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. 2002 முதல் 2006 வரையிலான ஐந்து வருஷத்தில் நாலு முறை 100 அல்லது அதற்கு மேல் தோல்வி. ஒரு ரசிகன் பிறந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய்த் தோல்வியே காட்டியிருக்கிறான் என்று அர்த்தம். 2014இல் 89 வெற்றியோடு 'வைல்ட் கார்டு' ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போகலாம். செப்டம்பர் 30, காஃப்மன் மைதானம். எதிரணி ஓக்லண்ட் அத்லெடிக்ஸ். ஆமாம், 1967இல் ஊரை விட்டுப் போன அதே அணி. புள்ளியியலை வைத்து அணி கட்டுவதில் உலகப் புகழ் பெற்றிருந்ததும் இதே அணிதான்.

எட்டாவது இன்னிங்ஸில் ராயல்ஸ் பேட் செய்ய வந்தபோது 7-3 என்று ஓக்லண்ட் முன்னால் இருந்தது. மொத்தமே ஒன்பது இன்னிங்ஸ். இந்த மாதிரி நிலைமையில் இருந்த பழைய ஆட்டங்களை எல்லாம் எடுத்துப் பார்த்து, இப்போது ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ராயல்ஸுக்கு அது கொடுத்தது நூற்றுக்கு மூன்று அளவில். மேனேஜர் நெட் யோஸ்ட் ஆறாவது இன்னிங்ஸில் எடுத்த பிட்சர் முடிவுக்கு மைதானமே ஊளையிட்டிருந்தது.

பிறகு நடந்தது: எட்டாவதில் மூன்று ஓட்டம், ஒன்பதாவதில் ஒன்று, 7-7. பன்னிரண்டாவதில் ஓக்லண்ட் மறுபடி ஒன்று முன்னால் போனது. ராயல்ஸ் அதே இன்னிங்ஸில் இரண்டு எடுத்து 9-8 என்று முடித்தது. அந்த ஆட்டத்தில் மட்டும் ஏழு பேஸ் திருடினார்கள். பிட்சர் பந்தை வீசும் நேரத்தில் ஓடிப்போய் அடுத்த தளத்தைப் பிடிப்பதைத்தான் திருடுவது என்பார்கள். அன்றிலிருந்து தொடர்ச்சியாக எட்டு பிளே-ஆஃப் ஆட்டங்களை வென்று வேர்ல்ட் சீரிஸுக்குப் போனார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். கணக்கு சொன்ன அந்த மூன்று தப்பா? தப்பில்லை. அதே நிலைமையில் நூறு அணி இருந்தால் 97 அணியின் ரசிகர்கள் அன்றைக்கு வாடிய முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கான்சாஸ் சிட்டிக்காரர்கள் அந்த 97 பேரில் ஒருவராக 28 வருஷம் இருந்தவர்கள்தான். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களுக்கு இந்த எண் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம், அக்டோபர் 29, எதிரணி சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ராயல்ஸ் 3-2 என்று பின்னால். மூன்றாவது அவுட் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அலெக்ஸ் கார்டன் அடித்த பந்தை ஜயண்ட்ஸ் ஃபீல்டர்கள் இருவர் அடுத்தடுத்துத் தவறவிட்டார்கள். கார்டன் மூன்றாவது தளம் வரை ஓடினார். அங்கே நின்ற பயிற்சியாளர் கையைத் தூக்கி நிறுத்தினார். இன்னும் ஒரு தளம், ஓடி வந்தால் ஆட்டம் சமன். அடுத்து வந்த சால்வடோர் பெரெஸ் உயரே தூக்கி அடித்து கேட்ச் ஆனார். சீசன் முடிந்தது.

ஓடியிருக்கலாமா? அந்த ஊரில் இதை இன்னும் பேசுகிறார்கள். வீடியோவைப் பார்த்தால் ஓடியிருந்தால் பெரும்பாலும் அவுட்தான் என்று தோன்றும். இங்கேதான் கணக்கு வேறு மாதிரி பேசுகிறது. வேடிக்கை என்னவென்றால், பேசியவர் அதே நேட் சில்வர். ஓடியிருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். காரணம் எளிது. கார்டன் நின்றால், அன்று மேடிசன் பம்கார்னர் வீசிய வீச்சில் அடுத்தவர் அடித்துக் கொடுக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, அதிகம் போனால் கொஞ்சம் கூட. அப்படியென்றால் ஓடிப் பிழைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று இருந்தாலே ஓடுவது லாபம். பாதிக்கு மேல் தோற்கிற காரியம்தான், ஆனாலும் அதைத்தான் செய்யவேண்டும். ஜாக்கிரதையாக நிற்கச் சொன்னது மனித மனசு. துணிந்து ஓடு என்று சொன்னது கணக்கு. நாம் வழக்கமாகப் போடுகிற வேஷம் இங்கே தலைகீழாக மாறிவிட்டது.

இதற்கப்புறம்தான் அந்த 72 வந்தது. ஆட்டக்காரர்களுக்கும் தெரியும், ரசிகர்களுக்கும் தெரியும், அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எண் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். 'சரியாக 72' என்று பெகோட்டா சொல்லவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும், அவரைப் போல இருந்த பழைய ஆட்டக்காரர்களைத் தேடி, அந்த வயதுக்குப் பிறகு அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று பார்த்து, அதை எல்லாம் கூட்டி, சீசனைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் நடுவில் வந்து நிற்கும் எண் 72. ஓர் அணியின் உண்மையான பலம் 72 வெற்றிக்கானது என்று துல்லியமாகத் தெரிந்தாலும், 162 ஆட்டத்தில் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஆறு கூடலாம், ஆறு குறையலாம். காசு சுண்டுகிற கணக்குதான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரட்டிப்பாக எடுத்தால்கூட 85 வரை போகும். 95 அதற்கும் அப்பால். ஆகவே இது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அணியின் பலத்தையே அந்த முறை குறைத்து எடைபோட்டது.

எங்கே குறைத்தது என்பதும் ஓரளவு தெரிகிறது. அந்த அணி மூன்று விஷயங்களால் கட்டப்பட்டது: ஃபீல்டிங், கடைசி இன்னிங்ஸ்களில் வந்து வீசுகிற பிட்சர்கள், பந்தைத் தவறவிடாமல் தொட்டுவிடுகிற பேட்டிங். 2015இல் எல்லா அணிகளிலும் குறைவாக 'ஸ்ட்ரைக் அவுட்' ஆனது ராயல்ஸ்தான். கடைசி நேரப் பிட்சர் வேட் டேவிஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை, 0.94. நெருக்கமான ஆட்டங்களில் இவை சேர்ந்து வேலை செய்யும்போது என்ன ஆகும் என்பது பழைய சராசரிகளில் அவ்வளவாகத் தெரியாது. அதோடு ஜூலையில் ஜானி குவெட்டோ, பென் ஸோப்ரிஸ்ட் என்று இரண்டு பேரை வெளியிலிருந்து வாங்கினார்கள். சீசனுக்கு முன் போட்ட கணக்குக்கு ஜூலை எப்படித் தெரியும்?

கடைசிக் காட்சி நியூயார்க்கில். 2015 வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டம், எதிரணி நியூயார்க் மெட்ஸ். ராயல்ஸ் மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தது. இன்னும் ஒன்று போதும். அன்று மெட்ஸ் பிட்சர் மாட் ஹார்வி எட்டு இன்னிங்ஸ் ஓர் ஓட்டம்கூடத் தராமல் வீசினார், 2-0. ஒன்பதாவதுக்குப் புதுப் பிட்சரை அனுப்பத்தான் மேனேஜர் டெர்ரி காலின்ஸ் முடிவு செய்திருந்தார். ஹார்வி விடவில்லை, நானே வீசுகிறேன் என்று நின்றார். மைதானமே அவர் பெயரைக் கூவியது. காலின்ஸ் இளகிவிட்டார். மனசுக்கு இடம் கொடுத்துவிட்டேன் என்கிற பொருளில் ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார். ஹார்வி முதல் ஆளுக்கு வாக் கொடுத்தார், இரண்டாவது ஆள் எரிக் ஹாஸ்மர் நன்றாக அடித்தார், 2-1. புதுப் பிட்சர் அப்புறம்தான் வந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஹாஸ்மர் மூன்றாவது தளத்தில், ஓர் அவுட். போன வருஷம் கார்டன் நின்ற அதே இடம். பெரெஸ் மெதுவாகத் தரையில் உருட்டினார். பந்தை எடுத்த டேவிட் ரைட் முதல் தளத்துக்கு எறிந்தார். எறிகிற கை மேலே போன கணத்தில் ஹாஸ்மர் ஓடினார். முதல் தளத்தில் நின்ற லூகஸ் டூடா பெரெஸை அவுட் செய்துவிட்டு வீட்டுத் தளத்துக்கு எறிந்தார். நேராக வந்திருந்தால் ஹாஸ்மர் அவுட், ஆட்டம் முடிந்து மெட்ஸ் வெற்றி. பந்து விலகிப் போனது. 2-2. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் 7-2 என்று கோப்பை.

அந்த ஓட்டத்தை எல்லோரும் 'தைரியம்' என்றார்கள். தைரியம்தான். ஆனால் டூடாவின் எறி நம்பகமானது இல்லை என்று ராயல்ஸ் ஸ்கவுட்டுகள் முன்கூட்டியே குறிப்பு கொடுத்திருந்தார்கள். ஹாஸ்மர் ஓடியது ஒரு கணிப்பின் மேல். மெட்ஸ்தான் அன்று மனசைக் கேட்டது.

நவம்பர் 3 அன்று நடந்த ஊர்வலத்துக்கு 8 லட்சம் பேர் வந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த நகரத்தின் அப்போதைய ஜனத்தொகையே 5 லட்சத்துக்குள்.

அதற்குப் பிறகு? 2016க்கு பெகோட்டா 76 சொன்னது; ராயல்ஸ் 81 வென்றது. 2017க்கு 71, வென்றது 80. 'எங்கள் மேல் அதுக்கு என்ன கோபம்' என்று ஊர் சிரித்தது. ஆனால் இறங்கும் திசை சரியாகத்தான் இருந்தது. 2018இல் 104 தோல்வி, 2019இல் 103. பழைய ஆட்டக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். கணக்கு பொறுமையாகக் காத்திருந்து தன் பாக்கியை வசூலித்துக்கொண்டது.

இதை எல்லாம் அடுக்கிப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இது. கணிப்பு என்பது முடிவெடுக்க வேண்டியவனுக்கான கருவி. யாரை வாங்குவது, எப்போது பிட்சரை மாற்றுவது, மூன்றாவது தளத்தில் ஓடச் சொல்வதா என்று தீர்மானிக்கிறவன் எண்ணைக் கேட்காமல் இருந்தால் காலின்ஸ் மாதிரி வருத்தப்பட வேண்டி வரும். ரசிகனுக்குத் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. 72 என்று தெரிந்தால் அவன் என்ன செய்ய முடியும்? டைகர்ஸ் ரசிகனாக மாறிவிடுவானா? அணி அவனுடைய ஊர், அவனுடைய அப்பாவின் தொப்பி. வாய்ப்பைப் பார்த்து எடுத்தது இல்லை.

அதனால் எண் அவனுக்குத் தேவையில்லை என்றும் சொல்லமாட்டேன். 72 இல்லாவிட்டால் 95 வெறும் 95தான். நூற்றுக்கு மூன்று என்று யாரோ ஒழுங்காகக் கணக்குப் போட்டு வைத்திருந்ததால்தான் அந்த செப்டம்பர் இரவு எவ்வளவு பெரியது என்று இன்றைக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆச்சரியத்துக்கும் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைச் செய்து கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள்: கிரிக்கெட்டை விட்டு இந்த ஆட்டத்தில் மயங்கிய ஒரு செய்தியாளர், தோற்கும் அணியை நேசித்த ஓர் இரவுக் காவலாளி, பில் பெகோட்டாவை மன்னிக்க முடியாத ஒரு டெட்ராய்ட் பையன். மூன்று பேருமே முதலில் ரசிகர்கள். எண்கள் அப்புறம் வந்தவை.